கோழித் தீவனத்தில் நொதி சேர்க்கும் முறை: தேர்வு, அளவு, கலவை, மதிப்பீடு

இறைச்சிக்கோழி வளர்ப்பில் ஆகும் மொத்தச் செலவில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு தீவனத்துக்கே போகிறது. அப்படிச் செலவழித்து இடும் தீவனத்திலும் ஒரு பகுதி செரிக்காமலே எச்சத்தோடு வெளியேறிவிடுகிறது. தானியங்களின் செல்சுவரில் உள்ள நார்ப்பொருள்களையும், விதைகளில் பாஸ்பரஸைப் பூட்டி வைத்திருக்கும் ஃபைட்டேட்டையும் உடைப்பதற்கு வேண்டிய நொதிகள் கோழியின் உடலில் போதிய அளவு சுரப்பதில்லை என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தக் குறையை ஈடுகட்டவே வெளியிலிருந்து நொதி சேர்க்கிறோம். நொதி தன்னளவில் எந்தச் சத்தையும் கொண்டுவருவதில்லை. தீவனத்தில் ஏற்கெனவே இருந்தும் கோழிக்குக் கிட்டாமல் போகும் சத்தை அது விடுவித்துத் தருகிறது, அவ்வளவே. ஆகவே எந்த நொதியை வாங்குவது என்ற கேள்விக்கான விடையை உங்கள் தீவனச் சூத்திரத்தில்தான் தேட வேண்டும். தீவனத்தைத் தாமே அரைத்துக் கலக்கும் பண்ணையாளர்களையும் சிறு தீவன ஆலை நடத்துவோரையும் மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலில் சூத்திரத்தைப் படியுங்கள்

ஒவ்வொரு நொதியும் குறிப்பிட்ட ஒரு வகைப் பொருளைத்தான் வெட்டும். அந்தப் பொருள் தீவனத்தில் இல்லையென்றால் நொதிக்கு அங்கே வேலையே இல்லை. எனவே ஒரு டன் தீவனத்தில் சேரும் பொருள்களை எடையோடு ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதில் கோழியால் செரிக்க முடியாதது என்ன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் அடிப்படையாக அமைந்த தீவனத்தில் முதலில் குறிக்க வேண்டியது ஃபைட்டேட். அடுத்து, சோயாவில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகளும் சிறிதளவு மன்னன் (mannan) என்னும் நார்ப்பொருளும் வரும். கோதுமை, ரை, டிரிட்டிகேல் ஆகியவற்றில் நீரில் கரைந்து குழம்பாகும் அரபினோசைலன் என்னும் நார்ப்பொருள் இருக்கிறது. பார்லியிலும் ஓட்ஸிலும் அதே தொல்லையைப் பீட்டா குளுக்கன் என்னும் நார்ப்பொருள் தருகிறது. தேங்காய்ப் புண்ணாக்கு, எண்ணெய்ப்பனைக் கொட்டைப் புண்ணாக்கு, கொத்தவரைப் புண்ணாக்கு ஆகியவற்றில் மன்னன் வகை நார்கள் மிகுதி. அரிசித் தவிட்டில் மொத்தப் பாஸ்பரஸ் 1.5 விழுக்காட்டை ஒட்டி இருந்தாலும், அதில் பெரும்பகுதி ஃபைட்டேட்டாகவே கிடக்கிறது. தவிடு கூடக் கூட, ஃபைட்டேட்டை உடைக்கும் நொதியான ஃபைட்டேஸின் தேவையும் கூடும்.

இந்தத் தாள் கையில் இருந்தால் பாதித் தீர்மானம் முடிந்துவிடும். கோதுமையோ பார்லியோ இல்லாத மக்காச்சோளத் தீவனத்துக்கு ஃபைட்டேஸ்தான் முதல் தேர்வு. மற்றவை அதற்குப் பிறகு, தேவை தெரிந்த பின்னரே. ஏழெட்டு நொதிகளின் பெயரை அடுக்கி, எதன் செயலாற்றல் எவ்வளவு என்பதைத் தெளிவாகச் சொல்லாத கலவைகளை நான் பரிந்துரைப்பதில்லை. அத்தகைய கலவைகளில் ஒவ்வொரு நொதியும் வேலைக்குப் போதாத அளவில் இருக்க வாய்ப்புண்டு.

ஃபைட்டேஸும் டிசிபி கணக்கும்

தாவர விதைகளில் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் வடிவில் இருக்கிறது. அதில் சிறு பகுதியையே கோழியால் பயன்படுத்திக்கொள்ள முடிவதால், எலும்பு வளர்ச்சிக்கு வேண்டிய பாஸ்பரஸை டிசிபி எனப்படும் டைகால்சியம் பாஸ்பேட் வழியாகத் தனியே கொடுக்கிறோம். ஆனால் ஃபைட்டேட் பாஸ்பரஸை மட்டும் பூட்டி வைப்பதில்லை. கால்சியம், துத்தநாகம், இரும்பு ஆகியவற்றையும் பற்றிக்கொள்கிறது. இரைப்பையின் அமிலச் சூழலில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதன் செரிமானத்தையும் தடுக்கிறது. அதனால்தான் ஃபைட்டேஸ் சேர்த்த தீவனத்தில் எலும்பு வலுப்படுவதோடு எடை கூடுவதையும் காண்கிறோம்.

ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட ஃபைட்டேஸ் 1991 ஆம் ஆண்டு வணிக முறையில் விற்பனைக்கு வந்தது. ஈ. கோலை, பட்டியாக்செல்லா போன்ற பாக்டீரியாக்களிலிருந்து பெறப்படும் ஃபைட்டேஸ்கள் பின்னர் வந்தவை. இவை பொதுவாக அமிலத்தையும், புரதத்தைச் செரிக்கும் பெப்சினையும் கூடுதலாகத் தாங்குகின்றன. இந்தத் தாங்குதிறன் முக்கியமானது. ஏனெனில் ஃபைட்டேஸ் தன் வேலையில் பெரும்பகுதியைத் தீனிப்பை, சுரப்பு இரைப்பை, அரைவைப்பை ஆகிய மூன்று இடங்களிலேயே முடித்தாக வேண்டும். சிறுகுடலில் அமிலத்தன்மை குறைந்ததும் ஃபைட்டேட் கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடுகிறது, நொதியின் வேகமும் குறைந்துவிடுகிறது.

இதன் செயலாற்றலை எஃப்.டி.யு. என்ற அலகால் குறிப்பார்கள். 37 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் 5.5 பிஎச் நிலையிலும், சோடியம் ஃபைட்டேட்டிலிருந்து ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பாஸ்பேட்டை விடுவிக்கும் நொதியின் அளவு ஒரு எஃப்.டி.யு. ஆகும். இறைச்சிக்கோழிக்கு ஒரு கிலோ தீவனத்தில் 500 எஃப்.டி.யு. என்பது வழக்கமான தொடக்க அளவு. தவிடு மிகுந்த தீவனத்துக்கு 1000 வரை செல்லலாம். 1500க்கும் மேல் கொடுத்து ஃபைட்டேட்டை முடிந்தவரை முழுவதும் அழிக்கும் முறையும் இருக்கிறது. அந்த அளவில் கூடுதலாகக் கிடைக்கும் பயனை டிசிபி குறைப்பில் கழிக்காமல் வளர்ச்சிக்கே விட்டுவிடுவது நல்லது.

இனி டிசிபியை எவ்வளவு குறைக்கலாம் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 500 எஃப்.டி.யு. அளவில் 0.12 விழுக்காடு பாஸ்பரஸும் 0.12 விழுக்காடு கால்சியமும் விடுபடும் என்று உற்பத்தியாளர் மதிப்புக் கொடுத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு டன்னுக்கு இது தலா 1.2 கிலோ. டிசிபியில் 18 விழுக்காடு பாஸ்பரஸ் இருந்தால், 1.2 கிலோ பாஸ்பரஸுக்கு ஈடான டிசிபி ஏறத்தாழ 6.7 கிலோ. இவ்வளவையும் சூத்திரத்திலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் அதே 6.7 கிலோ டிசிபியோடு, 23 விழுக்காடு என்ற கணக்கில், 1.53 கிலோ கால்சியமும் வெளியேறிவிடுகிறது. நொதி ஈடுகட்டுவது 1.2 கிலோ மட்டுமே. மீதிக் குறையான 0.33 கிலோ கால்சியத்துக்கு, 38 விழுக்காடு கால்சியம் உள்ள சுண்ணாம்புக்கல் தூளை ஏறத்தாழ 0.9 கிலோ சேர்க்க வேண்டும். டிசிபியைக் குறைத்ததோடு நில்லாமல் கால்சியம் மதிப்பையும் தனியே கழித்துச் சுண்ணாம்புக்கல் தூளையும் குறைப்பவர்கள் உண்டு. ஒரே கழிவை இரண்டு முறை செய்வதால் வரும் இந்தப் பிழை கோழியின் காலில்தான் வெளிப்படும்.

உற்பத்தியாளர் சொல்லும் மதிப்பு நம்பத்தக்கதா என்பதையும் நீங்களே சரிபார்க்கலாம். மக்காச்சோளத்தில் ஃபைட்டேட் பாஸ்பரஸ் சுமார் 0.2 விழுக்காடு, சோயாப் புண்ணாக்கில் சுமார் 0.4 விழுக்காடு. தீவனத்தில் மக்காச்சோளம் 60 பங்கும் சோயா 32 பங்கும் இருந்தால், மொத்த ஃபைட்டேட் பாஸ்பரஸ் 0.25 விழுக்காட்டை ஒட்டி வரும். அதில் ஏறத்தாழ பாதியான 0.12 விடுபடும் என்பது நடக்கக்கூடியது. அதே தீவனத்தில் 0.22 விடுபடும் என்று யாராவது சொன்னால், இருப்பதில் ஏறக்குறைய அனைத்தும் சில மணி நேரத்தில் உடைய வேண்டியிருக்கும். அந்த எண்ணை நம்பி டிசிபியைக் குறைத்தால், கால் தளர்ச்சியும் ரப்பர் போல வளையும் அலகும் தோன்றக்கூடும்.

ஃபைட்டேஸின் பயனைக் குறைப்பதில் முதலிடம் தேவைக்கு மேல் சேரும் கால்சியத்துக்கு உண்டு. சுண்ணாம்புக்கல் தூள் விலை மலிவு என்பதால் ஒரு கை கூடுதலாகப் போடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மிகுதியான கால்சியம் ஃபைட்டேட்டோடு சேர்ந்து நொதியால் எளிதில் உடைக்க முடியாத கூட்டுப்பொருளாகிறது. இரைப்பையின் அமிலத்தன்மையையும் குறைக்கிறது. மிக நுண்ணிய தூள் விரைவில் கரைவதால் இந்தக் கேட்டை மேலும் விரைவுபடுத்தும். ஆகவே கால்சியத்தை எடை போட்டே சேர்க்க வேண்டும். மிக நுண்ணிய தூளைத் தவிர்ப்பதும் நன்று.

கோதுமை, பார்லி சேர்ந்தால்

அரபினோசைலனும் பீட்டா குளுக்கனும் நீரில் கரையும்போது குடலில் உள்ள உணவு பிசுபிசுப்பான கூழாகிவிடுகிறது. அந்தக் கூழுக்குள் செரிமான நீர்கள் எளிதில் ஊடுருவுவதில்லை. கொழுப்பு சரிவரக் கரைந்து உறிஞ்சப்படுவதில்லை. உணவு மெதுவாக நகர்வதால் கோழி தின்னும் அளவும் குறைகிறது. செரிக்காமல் தங்கும் சத்து சிறுகுடலில் பாக்டீரியாக்கள் பெருக வழிசெய்கிறது. வெளியே இவற்றின் அடையாளம் தெளிவாகத் தெரியும். எச்சம் பசைபோல ஒட்டும், குஞ்சுகளின் மலவாய் அடைபடும், கொட்டகைத் தரையில் பரப்பிய ஆழ்கூளம் ஈரமாகிக் கட்டிதட்டும், அம்மோனியா நெடி கிளம்பும், பாதங்களில் புண் வரும். குடல் முழு வளர்ச்சி பெறாத இளங்குஞ்சுகளில் பாதிப்பு அதிகம். தீவனத்தில் கொழுப்பு சேர்த்திருந்தால், குறிப்பாக அது விலங்குக் கொழுப்பாக இருந்தால், இழப்பு இன்னும் கூடும்.

இங்கே அரபினோசைலனை வெட்டும் சைலனேஸும் பீட்டா குளுக்கனை வெட்டும் பீட்டா குளுக்கனேஸும் செய்யும் வேலை மிக எளிதாகத் தோன்றினாலும் பலன் பெரிது. நீண்ட சங்கிலியை இடையிடையே சில இடங்களில் வெட்டினாலே பிசுபிசுப்பு தணிந்துவிடும். சங்கிலியை முழுவதும் சர்க்கரையாக்க வேண்டியதில்லை. அதனால் சிறிய அளவு நொதியே போதுமானதாகிறது. கோதுமையும் பார்லியும் முதன்மையாக உள்ள தீவனங்களில் இந்த நொதிகளைச் சேர்ப்பதை நான் விருப்பத் தேர்வாகக் கருதுவதில்லை, அடிப்படைத் தேவையாகவே கருதுகிறேன். கோதுமைக்கு முதலில் சைலனேஸ், பார்லிக்கு முதலில் பீட்டா குளுக்கனேஸ் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு தானியங்களும் கலந்திருந்தால் இரண்டு நொதிகளும் வேண்டும். அறுவடையான உடனே வரும் புதுத் தானியத்தின் பிசுபிசுப்பு சரக்குக்குச் சரக்கு வேறுபடுவதால், அப்போது நொதியின் அளவைக் குறைத்துவிடக் கூடாது.

மக்காச்சோளத் தீவனத்தில் சைலனேஸின் கதை வேறு. அங்கே அரபினோசைலன் பெரும்பாலும் கரையாத வடிவில் இருப்பதால் பிசுபிசுப்புத் தொல்லை இல்லை. செல்சுவர் திறந்து உள்ளே சிக்கிய சத்து வெளிப்படுவதும், வெட்டுண்ட சிறு துண்டுகள் பெருங்குடல் பைகளில் உள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாவதுமே அங்கே கிடைக்கும் பயன். இது மெதுவாகவும் சிறிய அளவிலும்தான் தெரியவரும். கோதுமைத் தீவனத்தில் கண்ட முன்னேற்றத்தை எதிர்பார்த்து மக்காச்சோளத் தீவனத்தில் சேர்ப்பவர்கள் ஏமாற்றமடைவது இதனால்தான்.

எரிசக்திக் கணக்கில், சைலனேஸுக்கு ஒரு கிலோ தீவனத்துக்கு 50 முதல் 100 கிலோகலோரி வரை மதிப்புக் கொடுப்பார்கள். முதல் தடவையில் இந்த வரம்பின் கீழ்ப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற நொதிகள்

புரோட்டியேஸ், செரிக்காமல் தப்பும் புரதத்தைக் குறைக்கிறது. சோயாப் புண்ணாக்கு சரிவர வறுபடாமல், புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்கள் மிச்சமிருக்கும்போதும், இறைச்சித் தூள் போன்ற தரம் மாறக்கூடிய புரதப் பொருள்கள் சேரும்போதும் இதன் பயன் தெரியும். தரமான சோயாவாக இருந்தால் பயன் குறைவு. அமைலேஸ் மாவுச்சத்தைச் செரிக்க உதவுகிறது. சொந்தச் சுரப்பு முழுமை பெறாத முதல் வாரங்களில் அதற்கு ஓரளவு இடம் உண்டு. பீட்டா மன்னனேஸ், மேலே சொன்ன மன்னன் மிகுந்த புண்ணாக்குகள் சேரும்போது மட்டும் பொருள்படும். ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் சோயாவின் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளை உடைக்கிறது. அதைத் தனியாக வாங்குவதை விடக் கலவையின் ஓர் உறுப்பாகவே பெரும்பாலும் காண்போம்.

இரண்டு மூன்று நொதிகளைச் சேர்க்கும்போது அவற்றின் மதிப்புகளை அப்படியே கூட்டிவிடக் கூடாது. ஒரு நொதி விடுவித்த சத்தை மற்றொன்று மறுபடியும் விடுவிக்க முடியாது. செரிக்காமல் மிஞ்சியிருக்கும் பகுதிக்குள்தான் எல்லா நொதிகளும் வேலை செய்தாக வேண்டும் என்பதால், கூட்டுப்பயன் எப்போதும் தனித்தனி மதிப்புகளின் கூட்டலைவிடக் குறைவாகவே எதிர்பார்க்கப்பட வேண்டும்.

சிட்டையைப் படித்து அளவைக் கணக்கிடுதல்

பையின் மேலுள்ள சிட்டையில் ஒரு கிராமுக்கு எத்தனை அலகு செயலாற்றல் என்பது இருக்க வேண்டும். ஃபைட்டேஸில் ஒரு கிராமுக்கு 5000 எஃப்.டி.யு. என்று இருந்து, கிலோவுக்கு 500 தேவை என்றால், ஒரு டன்னுக்கு 5,00,000 எஃப்.டி.யு., அதாவது 100 கிராம் போதும். சைலனேஸ், புரோட்டியேஸ் போன்றவற்றில் ஒவ்வொரு நிறுவனமும் தன் அலகைத் தானே வரையறுத்துக்கொள்வதால், ஒரு பையின் எண்ணை மற்றொரு பையின் எண்ணோடு ஒப்பிட்டு எது வலிமையானது என்று முடிவு செய்ய இயலாது. அங்கே பரிந்துரைக்கப்பட்ட அளவையும், அந்த அளவில் கோழிகளில் செய்த சோதனை முடிவுகளையும் கேட்டு வாங்குங்கள். எத்தனை பாகை வெப்பம் வரை தாங்கும், எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும் என்பவற்றையும் எழுத்தில் பெறுவது நல்லது.

கலக்கும் முறை

ஒரு டன்னில் 100 கிராமைச் சீராகப் பரப்புவது சிறிய வேலையன்று. நொதித் தூளை நேரடியாக மிக்சரில் கொட்டக் கூடாது. 100 கிராமை முதலில் ஒரு கிலோ மக்காச்சோள மாவோடு நன்றாகக் கலந்து, அதை மேலும் 9 கிலோ மாவோடு கலந்து, கிடைக்கும் 10 கிலோ முன்கலவையைத்தான் மிக்சரில் சேர்க்க வேண்டும். மிக்சரில் மக்காச்சோளமும் புண்ணாக்கும் ஓடத் தொடங்கிய பின், எண்ணெய் ஊற்றுவதற்கு முன், இந்த முன்கலவையைப் பல இடங்களில் பிரித்துத் தூவுங்கள். எண்ணெயை முதலில் ஊற்றினால் நுண்ணிய தூள் அதில் ஒட்டி உருண்டைகளாகிவிடும்.

நொதியும் ஒரு புரதமே. ஈரமும் வெப்பமும் அதைக் கெடுக்கும். கோலின் குளோரைடும் தாது உப்புகளின் சல்பேட் வடிவங்களும் ஈரத்தை இழுத்து நொதியின் ஆற்றலை விரைவில் குறைக்கும். எனவே இவற்றோடு ஒரே பிரிமிக்ஸில் (முன்கலவையில்) நொதியைச் சேர்த்து வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். தீவனம் கலக்கும் அன்று தனியாகச் சேருங்கள். பையைக் குளிர்ந்த, உலர்ந்த, வெயில் படாத இடத்தில் வாயை இறுகக் கட்டி வையுங்கள். நொதித் தூள் மூச்சோடு உள்ளே போனால் ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் உண்டாக்கக்கூடியது. முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் யாரையும் இந்த வேலையில் நிறுத்தக் கூடாது என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

மாவாகவே கொடுக்கும் தீவனத்தில் வெப்பச் சிக்கல் இல்லை. தீவனத்தை அழுத்திப் பெல்லட் என்னும் சிறு உருளைகளாக்கும்போது நீராவி ஏற்றும் கண்டிஷனரில் வெப்பம் 80 முதல் 90 பாகை வரை செல்லும். மேற்பூச்சு இல்லாத நொதிகள் பல இந்த வெப்பத்தில் தம் ஆற்றலில் பெரும்பகுதியை இழந்துவிடும். வெப்பத்தைத் தாங்கும் வகையையோ மேற்பூச்சுள்ள குருணையையோ வாங்க வேண்டும். அல்லது பெல்லட் ஆறிய பின் திரவ நொதியைத் தெளிக்க வேண்டும். இரண்டும் முடியாத ஆலையில் கண்டிஷனர் வெப்பத்தை அளந்து குறிப்பதையாவது ஒவ்வொரு தொகுதிக்கும் செய்யுங்கள். தயாரான பெல்லட்டிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்தில் செயலாற்றலைப் பார்ப்பதே உறுதியான சோதனை.

வளர்ச்சியில் தெரிகிறதா என்று பார்த்தல்

நொதியைச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. சூத்திரத்தை மாற்றாமல் அதன் மேல் நொதியைச் சேர்த்தால் பயன் எடையிலும் தீவன மாற்றுத்திறனிலும் தெரிய வேண்டும். நொதியின் மதிப்பைக் கழித்துச் சூத்திரத்தை மலிவாக்கினால், எடை பழையபடியே இருப்பதுதான் வெற்றி. ஆதாயம் தீவன விலையில் கிடைக்கும். எந்த வழியில் போகிறோம் என்பதைத் தொடங்கும்போதே முடிவு செய்யாதவர்கள், இரண்டாவது வழியில் போய்விட்டு எடை கூடவில்லையே என்று குறைப்படுவார்கள். ஏற்கெனவே சத்து தாராளமாக உள்ள தீவனத்தின் மேல் நொதியைச் சேர்த்தால் எடை கூடுவதற்கு அங்கே அதிக இடம் இருக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒப்பிடுவதற்கு ஒரே நாளில், ஒரே தாய்க்கோழிக் கூட்டத்திலிருந்து வந்த குஞ்சுகளை எடுத்து, ஒரே கொட்டகைக்குள் தடுப்புகள் அமைத்துப் பிரியுங்கள். ஒரு தடுப்புக்கு ஒரு தீவனம் என்று இரண்டே தடுப்புகள் வைத்தால், வாசல் காற்றும் தண்ணீர்க் குழாயின் இடமும் தரும் வேறுபாட்டை நொதியின் பயனாகத் தவறாகக் கொள்ள நேரும். ஒவ்வொரு தீவனத்துக்கும் நான்கு தடுப்புகளாவது மாற்றி மாற்றி அமையட்டும். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், தடுப்பின் மொத்த எடையையும் தின்ற தீவனத்தையும் எடுங்கள். தின்ற தீவனத்தைக் கூடிய எடையால் வகுத்தால் தீவன மாற்றுத்திறன் கிடைக்கும். இறந்த கோழியின் எடையையும் கூடிய எடையோடு சேர்த்துக்கொள்ளாவிட்டால் கணக்கு தவறும்.

ஃபைட்டேஸைச் சோதிக்கும்போது எடையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. எடை சரியாக இருந்தும் எலும்பு மெலிந்திருக்க முடியும். ஒவ்வொரு தடுப்பிலிருந்தும் சில கோழிகளின் கால் எலும்பை எடுத்து ஆய்வகத்தில் சாம்பல் அளவை (எரித்தபின் மிஞ்சும் தாதுக்களின் அளவை) பார்ப்பதே சரியான அளவுகோல். சைலனேஸுக்கு ஆழ்கூளத்தின் ஈரமும் பாதப் புண்களின் எண்ணிக்கையும் எடைக்கு முன்பே செய்தி சொல்லும்.

பயன் தெரியவில்லை என்றால் பின்வரும் வரிசையில் தேடுங்கள். அந்த நொதி வெட்டும் பொருள் தீவனத்தில் போதிய அளவில் இருக்கிறதா என்று முதலில் தாளைப் பாருங்கள். அடுத்துச் சிட்டையின் செயலாற்றல், காலாவதி நாள், சேர்த்த கிராம் அளவு. அதன் பின் கண்டிஷனர் வெப்பம். அதன் பின் கலவையின் சீர்மை. மிக்சரின் ஒரே தொகுதியில் பல இடங்களிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வு செய்தால் இது தெரிந்துவிடும். ஃபைட்டேஸாக இருந்தால் கால்சியத்தையும் சேர்த்துப் பாருங்கள். இவை அனைத்தும் சரியாக இருந்தும் அடுத்தடுத்த இரண்டு கோழித் தொகுதிகளில் வேறுபாடு தெரியவில்லையென்றால், உங்கள் தீவனம் ஏற்கெனவே நன்றாகச் செரிக்கிறது என்று கொள்ளலாம். அப்போது ஃபைட்டேஸை வைத்துக்கொண்டு மற்ற நொதிகளை நிறுத்திவிடுங்கள். சூத்திரத்தில் தவிடோ கோதுமையோ வேறு புண்ணாக்கோ புதிதாகச் சேரும்போது அந்தத் தாளை மறுபடியும் எடுத்து எழுதுங்கள்.